விசிறியை நிறுத்து!

வீட்டில் பறவை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கடைக்குப் போகக் கூடாது. கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே மின்சார விசிறி சுற்றுகிறதா? சுற்றினால், பறவையைக் கூண்டுக்கு வெளியே விடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த விசிறியைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சென்னைப் பட்டணத்தில், அதுவும் மே மாதத்தில், விசிறி விஷயத்தைப் பேசித் தீர்ப்பது லேசான காரியம் அல்ல. பாகப் பிரிவினைகூட அதைவிடச் சுமுகமாக முடிந்துவிடும்.

நான் அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பறவைகள் தினம் ஐந்தாறு மணி நேரம் கூண்டுக்கு வெளியேதான் வாழ்கின்றன.

இவற்றை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. எதிர் வீட்டுச் சிநேகிதருக்குப் புனேவுக்கு மாற்றலாயிற்று. சாமான்களெல்லாம் லாரியில் ஏறிய பிறகு, கையில் ஒரு சின்னக் கூண்டுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "இரண்டே மாசம், சார். அங்கே வீடு பிடித்ததும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்றார். இரண்டு மாதம் என்று அவர் சொன்னது பதினான்கு மாதமாயிற்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூண்டு ஒன்றரை அடி நீளம், ஓர் அடி உயரம். உள்ளே பச்சை நிறத்தில் ஒன்று, நீல நிறத்தில் ஒன்று. நம் ஊரில் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா தேசத்துப் பறவை. அது வேறு ஜாதி. எங்கள் வீட்டுக்கு வந்தவை பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தவை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அன்று மாலைக்குள் பெயர் சூட்டிவிட்டாள். பச்சைக்குப் 'பச்சையப்பன்', நீலத்துக்கு 'நீலா'. சில வாரங்கள் கழித்துப் பறவை வைத்தியம் தெரிந்த கால்நடை டாக்டரிடம் காட்டினோம். அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கிறதே, அந்தச் சதைப் பகுதி நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்றார் அவர். அந்தக் கணக்குப்படி பச்சையப்பன் பெண்; நீலா ஆண்! பெயரை மாற்றலாமே என்றேன். "வெச்ச பேரை மாத்தினா அதுக்குக் குழப்பமாயிடும்ப்பா" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் இன்று வரையில் பச்சையப்பன் என்கிற அம்மாளும் நீலா என்கிற ஆசாமியும்தான் எங்களோடு வசிக்கிறார்கள்.

கூண்டைத் திற என்று முதலில் சொன்னது என் தாயார். சொன்னது என்ன, உத்தரவு போட்டாள்.

அம்மா பிறந்து வளர்ந்தது கும்பகோணம். அவள் சிறுமியாக இருந்தபோது தாத்தா வீட்டு முற்றத்தில் ஒரு பச்சைக்கிளி கூண்டு தொங்கிக்கொண்டிருந்ததாம். மாதம் ஒரு தரம் இறக்கையைக் கத்தரிக்கோலால் நறுக்குவார்களாம். ஒரு நாள் யாரோ கூண்டுக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். கிளி வெளியே வந்து, முற்றத்தில் நாலடி நடந்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் திரும்பவும் தானாகவே கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாம். "எல்லாரும் கை தட்டிச் சிரிச்சாங்க, கிளிக்கு நம்ம வீட்டு மேல எவ்வளவு ஆசை பாருன்னு. எனக்குச் சிரிப்பு வரலை. அதுக்கு வேற போக்கிடம் ஏது?" என்றாள். பிறகு, "இந்தா பாரு, ஒண்ணு இதுங்களைப் பறக்க விடு. இல்லேன்னா வேற யார் கிட்டயாவது குடுத்துடு. எழுபத்திநாலு வயசிலே எனக்கு இன்னொரு கூண்டைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பத்திரிகைக்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது எதையாவது சொன்னால் அது சரிதானா என்று நாலு இடத்தில் விசாரிப்பான். விசாரித்ததில் அம்மாவின் பக்கம்தான் நியாயம் இருந்தது. பட்ஜெரிகரின் எடை முப்பது, நாற்பது கிராம்தான். ஆனால் அதன் சொந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்துகொண்டு, மழை பெய்து புல் விளைந்த இடத்தைத் தேடி நெடுந்தூரம் பறந்து திரிகிற நாடோடிப் பறவை அது. 1840-ஆம் வருஷம் ஜான் கோல்ட் என்ற பறவை நிபுணர் உயிரோடு சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதிலிருந்துதான் உலகமெங்கும் கூண்டுப் பறவையாகப் பரவியது. காட்டில் இருக்கிற பட்ஜெரிகர் பச்சையும் மஞ்சளும்தான். நீலம், வெள்ளை எல்லாம் கூண்டில் வளர்த்தவர்கள் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கிய நிறங்கள். இப்படிப்பட்ட ஒரு பறவையை ஒன்றரை அடிக் கூண்டில் வைத்தால் அது இறக்கையை விரிக்கலாம், பறக்க முடியாது. தின்று தின்று கொழுப்பு சேர்ந்து ஈரல் கெட்டுப் போகிறது என்று டாக்டரும் சொன்னார்.

அப்படியானால் வெளியே விட்டுவிடலாமே, புண்ணியமாகப் போகும் என்று ஆபீஸில் ஒருவர் யோசனை சொன்னார். இது நல்ல மனசோடு சொல்லப்படுகிற மிகப் பொல்லாத யோசனை. தலைமுறை தலைமுறையாகத் தட்டில் தினையைக் கண்டு வளர்ந்த பறவைக்குச் சென்னையில் எங்கே போய் எதைத் தின்பது என்று தெரியாது. காக்கை என்றால் என்ன, வைரி என்றால் என்ன என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவகாசமும் கிடைக்காது. ஆக, வெளியே ஆகாயத்தில் விட முடியாது; உள்ளே கூண்டில் வைக்க மனம் ஒப்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது நம்முடைய வீடுதான்.

இங்கே நடுவில் ஒரு வார்த்தை. நான் சொல்வதெல்லாம் இந்த மாதிரி வெளிதேசத்துக் கூண்டுப் பறவைகளுக்கு மட்டும்தான். நம்முடைய சொந்தப் பச்சைக்கிளிக்குப் பொருந்தாது. அது நம் காற்றில் பறக்கப் பிறந்தது. கூண்டைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2024 ஏப்ரலில் பார்லிமெண்ட் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்துச் சொன்ன ஜோசியர், கிளிகளைக் கூண்டில் அடைத்து வைத்ததற்காக வனத்துறையிடம் அகப்பட்டுக்கொண்டது பத்திரிகைகளில் வந்தது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா போன்ற பெரிய வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அதே 2024-இல் விதியும் வந்துவிட்டது. பறவைகளுக்கு ஆகாயத்தில் பறக்க உரிமை உண்டு என்று டில்லி ஹைகோர்ட் 2015-இல் ஒரு வழக்கில் சொன்னதும் சிலருக்கு நினைவிருக்கலாம். எங்கள் அம்மா கோர்ட்டுக்குப் போனவள் அல்ல. ஆனால் அவளுடைய தீர்ப்பு அதற்கு முந்தியது.

சரி, கூண்டைத் திறந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குடும்ப சகிதமாக, ஜன்னல்களையெல்லாம் சாத்தி, விசிறியை நிறுத்தி, மகள் "ஒன்... டூ... த்ரீ..." சொல்ல, நான் கதவைத் தூக்கிவிட்டேன். என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் நடக்கவில்லை! இரண்டும் கூண்டின் பின் மூலையில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு எங்களை முறைத்துப் பார்த்தன. முக்கால் மணி நேரம் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தோம். சுதந்திரம் என்பதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம் என்று மனசுக்குள் வாக்கியங்கள் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. டாக்டரிடம் கேட்டால், "அதன் உலகமே அந்தக் கூண்டுதான், சார். அவசரப்படுத்தாதீர்கள், கையை விட்டு வெளியே இழுக்காதீர்கள்" என்றார். ஐந்தாம் நாள் பச்சையப்பன் கூண்டு வாசலில் வந்து தலையை நீட்டிற்று. உடனே உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டிற்று. பிறகு 'விர்' என்று ஒரு சத்தம். கூடத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஜன்னல் திரைச் சீலையில் மோதி, அதையே பிடித்துக்கொண்டு தொங்கியது. அலகு திறந்திருந்தது, மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. பறக்கப் பிறந்த பிராணிக்கு ஒன்றரைச் சுற்றுக்கே மூச்சு வாங்கிற்று.

திரையில் மோதியதால் பிழைத்தது. வெறும் கண்ணாடியில் மோதியிருந்தால் கழுத்து முறிந்திருக்கும். பறவைக்குக் கண்ணாடி தெரிவதில்லை. அதற்குத் தெரிவதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற வேப்பமரம்தான். ஆகவே முதல் சில வாரங்கள் ஜன்னல் கண்ணாடியையும் அலமாரியின் நிலைக் கண்ணாடியையும் துணி போட்டு மூடி வைத்தோம். பிறகு அடையாளம் தெரிவதற்காகக் காகிதத் துண்டுகளை ஒட்டி வைத்து, மெள்ள மெள்ளத் திரையை விலக்கினோம். இப்போது இரண்டுக்கும் அந்த இடம் சுவர் மாதிரி என்று தெரிந்துவிட்டது.

வீட்டில் எத்தனை எமன்கள் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது பறவையை வெளியே விட்ட பிறகுதான் தெரிகிறது. குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர். அதில் இறங்கினால் வழுக்குச் சுவரில் ஏற முடியாமல் முழுகிவிடும். அதனால் வாளிக்கெல்லாம் மூடி. கதவுகளோ இன்னும் மோசம். கதவின் மேல் விளிம்பில் உட்காருவது இவற்றுக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. அந்தச் சமயம் யாராவது கதவைச் சாத்தினால் விரல்கள் நசுங்கிவிடும். எங்கள் வீட்டில் கதவைச் சாத்துவதற்கு முன் எல்லோரும் கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல ஒரு தடவை மேலே பார்ப்பார்கள். வந்த விருந்தாளிகள் இது ஏதோ வாஸ்து சம்பந்தப்பட்ட சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு போனதுண்டு. நாற்காலியில் உட்காரும் முன் நாற்காலியைப் பார்க்க வேண்டும். தரையில் நடக்கும்போது தரையைப் பார்க்க வேண்டும். மேலே, கீழே, நடுவே என்று பார்த்துப் பார்த்து, செல்போனைப் பார்க்க எனக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது.

வாசல் கதவுக்கு உள்ளே வலை அடித்த இரண்டாவது கதவு ஒன்று போட்டோம். ஒன்று சாத்தின பிறகுதான் மற்றது திறக்கலாம். வெளியே மகள் கைப்பட எழுதிய அறிவிப்பு: 'பறவைகள் பறக்கின்றன. மணி அடித்துவிட்டுக் காத்திருக்கவும்.' காஸ் சிலிண்டர் கொண்டு வருகிற பையன் இதைப் படித்துவிட்டு, "பறவைங்க பறக்காம நீந்துமா, சார்?" என்று கேட்டான். ஆனால் காத்திருந்தான்.

சமையலறைப் பக்கம் இவற்றுக்குப் பிரவேசமே கிடையாது. காய்கிற எண்ணெயும் எரிகிற அடுப்பும் காரணம் என்று நினைப்பீர்கள். அது பாதிக் காரணம். மீதிக் காரணம் புகை. பறவையின் சுவாசம் நம்முடையது மாதிரி அல்ல. நுரையீரலுக்கு மேல் உடம்பெங்கும் காற்றுப் பைகள் வேறு உண்டு. காற்றில் இருக்கிற எதையும் அது நம்மைவிட வேகமாகவும் நிறையவும் இழுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷ வாயுவைக் கண்டுபிடிக்கக் கனேரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோனதற்கும் இதுதான் காரணம். அந்த வழக்கம் 1986 வரை இருந்திருக்கிறது! ஒட்டாத பூச்சுப் போட்ட தோசைக்கல் வெறுமனே அடுப்பில் காய்ந்து அதிகமாகச் சூடேறினால் அதிலிருந்து ஓர் ஆவி கிளம்புகிறது. நமக்கு மூக்கில் தெரிவதற்குள் பறவை செத்து விழுந்துவிடும். இதை டாக்டர் சொன்ன அன்றே என் மனைவி அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, பரணிலிருந்து மாமியார் காலத்து இரும்புக் கல்லை இறக்கினாள். மாமியாருக்கு உள்ளூர ஒரு வெற்றிப் புன்னகை.

ஆனால் அந்தப் புன்னகை வெள்ளிக்கிழமை வரைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணிப் புகை போடுவது அம்மாவின் நாற்பது வருஷப் பழக்கம். என் மனைவி தயங்கித் தயங்கி, "அத்தை, புகை வந்தா அதுங்களுக்கு ஆகாதாம்..." என்று ஆரம்பித்தாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் தூபக்கால் அலமாரியிலேயே இருந்தது. அடுத்த வாரம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே கூண்டை என் எழுத்து அறையில் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்தி, அடியில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிடுவது. சாம்பிராணியைக் கூடத்தில் போடாமல் பால்கனியில், துளசி மாடத்துக்கு முன்னால் போடுவது. கொசுவர்த்திச் சுருளுக்கு இந்தச் சலுகையும் இல்லை. அது வீட்டை விட்டே போய், பழையபடி கொசுவலை வந்துவிட்டது.

எச்சத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. கால் மணிக்கு ஒரு தரம், உட்கார்ந்த இடத்தில் போடும். இதற்குப் பரிகாரம், அவை உட்காருவதற்கென்றே வேப்பங்குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றுக்கு நேர் கீழே பழைய பத்திரிகைகளை விரித்து வைப்பதுதான். பத்திரிகைக்காரன் வீட்டில் பழைய பத்திரிகைக்கு என்ன பஞ்சம்? ஒரு நாள் குனிந்து பார்த்தால், நான் இரவெல்லாம் கண் விழித்து எழுதிய கட்டுரைதான் நீலாவுக்கு நேர் கீழே விரிந்திருந்தது. என் மனைவி, "உங்க எழுத்துக்கு இவ்வளவு சீக்கிரமா விமரிசனம் வந்ததே இல்லைங்க" என்றாள். வேடிக்கை இருக்கட்டும். உலர்ந்த எச்சத்தின் தூசியால் மனிதர்களுக்கும் நுரையீரலைத் தாக்குகிற காய்ச்சல் வரக்கூடும். அதனால் தினமும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், விளக்குமாறு கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அம்மாவின் படுக்கையறைக்குள் பறவைகள் போகவே கூடாது என்று அவளைப் பார்க்கும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த அறைக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும்.

இனி விசிறி விஷயத்துக்கு வருகிறேன்.

நிமிஷத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றுகிற விசிறி பறவையின் கண்ணுக்குப் புகை மாதிரி தெரியுமோ என்னமோ, அதன் வழியாகப் பறந்து போகத் துணிந்துவிடுகிறது. ஆகவே காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, மாலை மூன்றரை முதல் ஆறரை வரை, பறவை வெளியே, விசிறி நிறுத்தம். இதுதான் நாங்கள் போட்ட சட்டம். "விசிறியை நிறுத்து!" என்பதுதான் எங்கள் வீட்டின் திருப்பள்ளியெழுச்சி. சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தையும் ஒட்டி வைத்திருந்தோம். மார்கழியில் போட்ட சட்டம் மாசி வரையில் பிரச்னையில்லாமல் நடந்தது. பங்குனியில் ஆட்டம் கண்டது. நானும் மனைவியும் பகலில் ஆபீஸுக்குப் போய்விடுவோம், அங்கே ஏ.ஸி. உண்டு. மகளுக்குப் பள்ளிக்கூடம். மாலை மூன்றரை மணி வெயிலில் கூடத்தில் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பது அம்மா ஒருத்திதான். ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். புடவைத் தலைப்பை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பழைய பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். எதிரே காப்பி டம்ளரின் விளிம்பில் நீலா. (காப்பி அவற்றுக்கு ஆகாது. அம்மா டம்ளரின் மேல் டவராவைக் கவிழ்த்து வைத்திருந்தாள்; அதன் மேல் நின்றுகொண்டு அந்த ஆசாமி தன் நிழலோடு பேசிக்கொண்டிருந்தான்.)

"இப்படி வேர்த்துக் கொட்டுதே, அதுங்களை உள்ளே விட்டுட்டு ஃபேனைப் போட்டுக்கலாம் இல்லையா?" என்றேன்.

"ஆறரை ஆகலியே" என்றாள் அம்மா.

சித்திரையில் என் மனைவியின் மாமா திருச்சியிலிருந்து இரவு ரயிலில் வந்து விடிய விடிய இறங்கினார். வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றிவிட்டு, காகிதத்தைப் படிக்காமலே, விசிறியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பறவைகள் அப்போது கூண்டில்தான் இருந்தன, பாதகமில்லை. ஆறே காலுக்குக் கரண்ட் போயிற்று. விசிறி நின்றது. ஆறரைக்கு மகள் எழுந்து வந்தாள், மேலே பார்த்தாள், விசிறி நிற்கிறது. வழக்கம்போலக் கூண்டைத் திறந்தாள். பச்சையப்பன் நேராகப் போய் எங்கே உட்கார்ந்தது தெரியுமா? நின்றிருந்த விசிறியின் இறக்கைமேல்! உயரமான இடம் என்றால் அதற்குத் தனி மோகம். அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சிறகு கோத ஆரம்பித்தது.

மாமா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பூஜை அறையிலிருந்து வெளியே வந்த அம்மா மேலே பார்த்தாள். பிறகு சுவிட்சுப் பலகையைப் பார்த்தாள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. முழங்கால் வலிக்காரி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அன்று சுவரைப் பிடிக்கவில்லை. போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வருவதற்கும் கரண்ட் வருவதற்கும் சரியாக இருந்தது. குளிர்ப்பெட்டி உறுமிற்று, குழல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. விசிறி அசையவில்லை. பச்சையப்பன் இன்னொரு சிறகைக் கோத ஆரம்பித்தது.

"இது கூடத்திலே வேண்டாம். இன்னிக்கே ஆளைக் கூப்பிட்டுக் கழட்டிடு" என்றாள் அம்மா.

"அக்னி நட்சத்திரம் வருதும்மா."

"வரட்டும். வருஷா வருஷம்தான் வருது."

எலெக்ட்ரீஷியன் வந்தார். ரிப்பேர் இல்லாத விசிறியை எதற்குக் கழற்றச் சொல்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. அதற்குப் பதில் சுவரில் மாட்டுகிற சிறு விசிறி ஒன்று வாங்கினோம். கம்பிக் கூடு போட்டதுதான்; ஆனால் கம்பி இடைவெளியில் இவற்றின் தலை நுழைந்துவிடும். அதனால் மேலே மெல்லிய கொசுவலைத் துணியில் உறை தைத்துப் போட்டாள் என் மனைவி. காற்று கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. கூடத்தின் மற்ற பகுதிக்கு எட்டுவதில்லை. அம்மாவின் நாற்காலிக்கு மட்டும் வரும்.

கூண்டின் கதவைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். அதற்காக வீட்டின் மற்ற எல்லாவற்றையும் மாற்றத்தான் எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. சிநேகிதர்கள் கேட்கிறார்கள்: இத்தனை தொந்தரவு எதற்கு, இறக்கை நுனியைக் கத்தரித்துவிட்டால் விசிறியும் ஓடும், பறவையும் வெளியே இருக்கும் அல்லவா என்று. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. கத்தரித்தால் வலிக்காது, திரும்ப வளர்ந்துவிடும் என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் கும்பகோணத்து முற்றத்தில் நாலடி நடந்து திரும்பிய கிளியின் கதையைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டில் கத்தரிக்கோலை யார் எடுப்பார்கள்?

கூண்டை அடியோடு எடுத்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். பழையதைப் பரணில் போட்டுவிட்டு, மூன்றடிக் கூண்டு ஒன்று வாங்கியிருக்கிறோம். தினையும் தண்ணீரும் கொத்தமல்லித் தழையும் அதற்குள்தான் வைப்போம், வெளியே அல்ல. பசித்தால் தானே போகும். ஆறரைக்கு வெளிச்சம் மங்கியதும் தூங்கவும் தானே போகும். துரத்திப் பிடிக்கிற வேலையே இல்லை. விரலை நீட்டி "ஏறு" என்றால் ஏறுகிறது. இது தினைக் கதிரைக் காட்டிக் காட்டி மகள் மூன்று வாரத்தில் பழக்கியது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இவற்றுக்குத் தூக்கம் வேண்டும். கூடத்தில் எட்டு மணிக்கு அம்மாவின் டி.வி. தொடர் ஆரம்பமாகும், அதில் மாமியார் மருமகளைப் பார்த்துப் போடுகிற கூச்சலில் எந்தப் பறவை தூங்கும்? ஆகையால் இரவுக்குக் கூண்டு என் எழுத்து அறைக்கு வந்துவிடும். மேலே ஒரு பழைய வேஷ்டி. இருட்டில் மிரண்டு படபடக்காமல் இருக்க ஒரு சின்ன விளக்கு. நான் எழுதுவதும் அந்த வெளிச்சத்தில்தான்.

புனே சிநேகிதரின் டெலிபோன் போன மாதம் வந்தது. மறுபடி சென்னைக்கே மாற்றலாகிவிட்டதாம். தாம்பரம் பக்கம் வீடு. "ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன், சார். உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துவிட்டேன்" என்றார்.

என் மகள் வெள்ளிக்கிழமையிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "அவங்க பொருள். வந்து கேட்டா குடுத்துத்தான் ஆகணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு அவர் வந்தார். இரண்டு கதவையும் தாண்டி உள்ளே வந்தவரின் தலைக்கு மேல் நீலா ஒரு வட்டம் அடித்துவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியின் விளிம்பில் இறங்கினான். மனிதர் அப்படியே சிலையாகிவிட்டார். "பறக்குதே, சார்!" என்றார். அது பறவை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போல இருந்தது. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் ஃபேன் போடலாமா?" என்று கேட்டார்.

அம்மா தன் பனையோலை விசிறியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே கொக்கி மட்டும்தான் இருந்தது. "ரிப்பேருங்களாம்மா?"

"இல்லே, நல்லாத்தான் ஓடிச்சு" என்றாள் அம்மா.

சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. விசிறிக்கொண்டே உறை போட்ட சுவர் விசிறியைப் பார்த்தார். கதவுக்கு உள்ளே இருந்த கதவைப் பார்த்தார். பால்கனி வலையைப் பார்த்தார். பச்சையப்பன் கதவின் உச்சியிலிருந்து என் மகளின் தோளுக்கு இறங்கியதைப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்தார்.

"எங்க வீட்டிலே மூணு ரூம்லேயும் ஃபேன் இருக்கு, சார். பசங்க ரெண்டு பேரும் வாலுங்க, கதவைத் திறந்து போட்டுட்டு ஓடுவானுங்க" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு எழுந்தார். "அந்தப் பழைய கூண்டு இருக்குங்களா? அதை மட்டும் எடுத்துக்கிறேன். பால்கனியிலே ஒரு மணி பிளான்ட் தொட்டி வைக்கலாம்."

பரணிலிருந்து கூண்டை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தேன். ஒரு கையில் கூண்டும் மறு கையில் பனையோலை விசிறியுமாக அவர் லிஃப்ட் வரையில் போய்விட்டார். விசிறியைத் திருப்பிக் கொடுக்க அவர் மறந்ததை நான் ஞாபகப்படுத்துவதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"விசிறி போனாப் போவுது. கதவைச் சாத்துடா, பட்சி வெளியிலே இருக்கு!"